கசகசா தொடாத எடெல்கா

"அடியில தடியா ஒரு மாவு. அதுக்கு மேல, அந்தப் பக்கம் நிக்கிறவங்க முகம் தெரியுற அளவுக்கு மெல்லிசா இழுத்த மாவு. வெண்ணெய் தடவணும். தடவியாச்சா? கசகசா, போட்டாச்சு. இப்ப பாலாடைக்கட்டி."

கட்டிலில் இடப்பக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுத்திருக்கும் தபால்காரம்மாள் ரோஸிகா நேற்றுக் காலையிலிருந்து தெளிந்த சூப்பைத் தவிர எதையும் வாயில் வைக்கவில்லை. ராத்திரி முழுக்கப் பேதி மருந்து, கழிப்பறையே கதி. இந்த நிலையில் இருப்பவரிடம் ஊரிலேயே ருசியான பலகாரத்தின் செய்முறையைச் சொல்வது பாவமில்லையா என்று கேட்டால், "பாவந்தான். ஆனா ஆறு நிமிஷத்துப் பாவம்" என்கிறார் எடெல்கா.

முழுப்பெயர் எடெல்கா கெர்ச்மார், வயது அறுபத்தொன்று. மூரா ஆற்றுக்கு இக்கரையில் உள்ள எங்கள் சின்ன ஆஸ்பத்திரியின் எண்டோஸ்கோப்பி அறையில் தலைமை நர்ஸ். குள்ளமான உருவம், பச்சை ரப்பர் செருப்பு, காதோரம் எப்போதும் ஒரு பென்சில். ஐம்பது தாண்டிய எல்லோருக்கும் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதமும், மல மாதிரியை வைத்துத் திருப்பி அனுப்ப ஓர் உறையும் வரும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் எடெல்காவின் கட்டிலுக்கு வர வேண்டும். குடலுக்குள் கேமரா வைத்த குழாயை விட்டு, நாளைக்குப் புற்றாக மாறக்கூடிய சதை மொட்டு ஏதும் முளைத்திருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் அங்கேயே அறுத்து எடுத்துவிடுவார்கள். கடிதத்தைப் பார்த்து வந்தவர்களைவிட, சந்தையில் எடெல்காவிடம் மாட்டிக்கொண்டு வந்தவர்களே அதிகம் என்று ஊரில் ஒரு பேச்சு.

குழாயை உள்ளே கொண்டுபோவதில் பெரிய சாமர்த்தியம் இல்லை, வெளியே எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பது அவர் கட்சி. மொட்டைத் தேடுவது திரும்பி வரும் வழியில்தான். ஒவ்வொரு மடிப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்துக்கொண்டு வர ஆறு நிமிடமாவது ஆக வேண்டும் என்று விதி. மூன்று வருடங்களுக்கு முன் டாக்டர் மதேய் இங்கே வேலைக்கு வந்தபோது நாலே நிமிடத்தில் வெளியே வந்து நின்றார். நல்ல பிள்ளை, நோயாளிக்கு வலிக்காத கை, ஆனால் காலில் சக்கரம். எடெல்கா சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினார். டாக்டர் அதைத் திரும்பியே பார்க்கவில்லை. முட்டை வேகவைக்கும்போது வைக்கிற மணியைக் கொண்டுவந்தார். அது அலறிய அலறலில் கட்டிலில் இருந்த மனிதர் கீழே விழப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கிபானிட்சா, எட்டு அடுக்கு வைத்துச் சுடும் எங்கள் ஊர்ப் பலகாரம்.

குடலின் கடைக்கோடிக்குப் போய்விட்டோம் என்பதற்குச் சாட்சியாகக் குடல்வாலின் வாயைப் படம் பிடிக்க வேண்டும். டாக்டர் "படம் எடுத்தாச்சு" என்றதும் எடெல்கா அடிமாவைப் பரப்புவார். கசகசா, பாலாடைக்கட்டி, வால்நட், ஆப்பிள். மறுபடியும் அதே நான்கு. கடைசியில் மேலே கிரீம். எட்டு அடுக்கும் முடிகிற வரை குழாய் வெளியே வரக் கூடாது. மதேய் முந்தினால், "ஆப்பிள் இன்னும் போடல டாக்டர்" என்று ஒரு குரல் வரும். அவர் ஒரு சாண் திரும்ப உள்ளே போய், விட்ட மடிப்பைப் பார்த்துவிட்டு வருவார். முதல் சில மாதம் முறைத்தார். வருடக் கடைசியில் தலைநகர் லுப்லியானாவிலிருந்து கணக்குத் தாள் வந்தது. முன்பு நூறு பேரைப் பார்த்தால் இருபத்துநான்கு பேரிடம் மொட்டு கண்டுபிடித்தவர், இப்போது நாற்பத்தொரு பேரிடம் கண்டுபிடித்திருந்தார். அன்றிலிருந்து அவரே, "சிஸ்டர், மாவு பெசையலாமா?" என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கிறார்.

இதில் வேடிக்கை, எடெல்காவுக்குச் சமைக்கவே வராது. முட்டை அவித்தாலும் வெடிக்கும். ரொட்டிக்கடை வைத்திருக்கும் கணவர் ஃபெரி வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். முப்பத்தாறு வருடமாக அதைக் காதில் வாங்கியதுதான் எடெல்காவுக்குத் தெரிந்த செய்முறை. அதனால் அடுக்கு இடம் மாறிவிடும். ஒருமுறை தையற்காரி ஒருத்தி, குழாய் உள்ளே இருக்கும்போதே கட்டிலிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள்.

"வலிக்குதாம்மா?" என்று பதறினார் மதேய்.

"வலியெல்லாம் இல்ல டாக்டர். பாலாடைக்கட்டிக்கு அப்புறந்தான் வால்நட்டு. சிஸ்டர் மாத்தி வைக்கிறாங்க. என்னால கேட்டுட்டுப் படுத்திருக்க முடியல."

கட்டிலில் ஏறுவதற்கு முன் நடக்கிற விசாரணை தனி. பெயர் என்ன, பிறந்த தேதி என்ன, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா, கடைசியாக எப்போது என்ன சாப்பிட்டீர்கள். இந்த ஐந்து கேள்வியிலிருந்து தப்பியவர் எவரும் இல்லை. போன வருடம் பங்குச் சாமியார் வந்திருந்தார்.

"எடெல்கா, உன் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானம் குடுத்தவன்மா நான்."

"சந்தோஷம் ஃபாதர். பேர் சொல்லுங்க."

வேலை முடிந்ததும் குழாய்க்கு நடக்கும் குளியலைப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, எங்காவது குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். குமிழி வந்தால் ஓட்டை என்று அர்த்தம். அடுத்து உள்துளை முழுக்க நீளத் தூரிகை விட்டுத் தேய்ப்பு, பிறகு மருந்து இயந்திரம், பிறகு காற்று அடித்து உலர்த்தல். எந்தக் குழாய், யாருக்குப் போனது, யார் கழுவினார்கள் என்பதெல்லாம் ஒரு நோட்டில் ஏறும். இத்தனையும் முடிந்த பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குழாயைச் செல்லமாக ஒரு தட்டுத் தட்டுவார்.

அலமாரியில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு கசகசா. பதினோரு வருடங்களுக்கு முன் கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவரின் குடலிலிருந்து குழாயின் துளைக்குள் ஏறி, தூரிகைக்கும் தப்பி உட்கார்ந்துகொண்டது அது. குழாய் கிடப்பில் போனது, பட்டினி கிடந்து வந்த ஆறு பேரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த ஆறு பேரின் முகமும் எடெல்காவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்றோடு கசகசாவை விட்டவர்தான், பார்த்தாலே கை அரிக்கிறது என்பார். எங்கள் பக்கத்தில் கசகசா இல்லாமல் கிபானிட்சா இல்லை, கிபானிட்சா இல்லாமல் பண்டிகை இல்லை. ஃபெரியின் கிபானிட்சாவுக்காக ஆஸ்திரியாவிலிருந்து எல்லை தாண்டிக் கார் வருகிறது. சொந்த மனைவி மட்டும் தொடுவதில்லை. ஃபெரிக்கு இது பதினோரு வருடத்து மனத்தாங்கல். "ஊரே நக்கித் திங்குது, என் வீட்ல இருக்கறவளுக்கு மட்டும் ஆகாது" என்பார், மாவில் குத்திக்கொண்டே.

செய்முறையிலும் அப்படித்தான். வால்நட்டை எப்படி உடைப்பது, ஆப்பிளை எப்படித் துருவிப் பிழிவது என்று நீட்டி முழக்குகிறவர், கசகசா வந்ததும் ஒரே மூச்சில் தாண்டிவிடுவார். "கசகசா, போட்டாச்சு." அவ்வளவுதான். ரொம்ப நாள் இதை யாரும் கவனிக்கவில்லை, அவரும்தான்.

ஃபெரிக்கு முதல் கடிதம் வந்தபோது அடுப்பு பற்றவைக்கப் பயன்பட்டது. இரண்டாவது கடிதத்துக்கும் அதே கதி. மூன்றாவது வந்ததும் எடெல்கா அதை மாவுத் தொட்டியின் மூடியில் ஒட்டிவைத்து, "இது போற வரைக்கும் நான் உன்கூடப் பேசப் போறதில்ல" என்றார். ஒன்பது நாள் தாக்குப்பிடித்த ஃபெரி பத்தாம் நாள் உறையைத் தபாலில் போட்டார். பதில் வந்தது: ரத்தம் இருக்கிறது. எடெல்கா கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஊராருக்கு அவர் வழக்கமாகச் சொல்வது, "ரத்தம்னா உடனே கான்சர் இல்ல, மூல நோயாக்கூட இருக்கும், பயப்படாதீங்க" என்பது. அதையே கணவரிடமும் சொன்னார். சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். ஃபெரியின் அப்பா போனது குடல் புற்றில்தான்.

போன செப்டம்பரில் ஃபெரி கட்டிலில் ஏறினார். சொந்தக்காரருக்குத் தானே கருவி பிடிக்கக் கூடாது என்று எடெல்கா அந்தப் பொறுப்பை இளைய நர்ஸ் யாஸ்னாவிடம் கொடுத்துவிட்டார். கேள்வி கேட்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"பேர் சொல்லுங்க."

"அடிப்பாவி! முப்பத்தாறு வருஷமா ஒரே வீட்ல இருக்கோம்."

"பேர்."

"ஃபெரென்ட்ஸ் கெர்ச்மார். பொண்டாட்டி பேரும் வேணுமா சிஸ்டர்?"

"அது வேணாம். கடைசியா எப்ப என்ன சாப்பிட்டீங்க?"

"முந்தாநாள் ரொட்டி. நேத்து வெறும் தண்ணி சூப்பு. நீதான பக்கத்துலயே நின்னு காவல் காத்த."

குழாய் கடைக்கோடிக்குப் போனது. திரையில் குடலின் சுவர் இளஞ்சிவப்பாகப் பளபளத்துக்கொண்டு வந்து, வலப்பக்கம் திரும்பியதும் கருநீலப் புள்ளிகளாக மாறியது. நூறு இருக்கும், இருநூறுகூட இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் நகர்ந்து போய் வேறு மடிப்பில் ஒட்டிக்கொண்டன. உறிஞ்சினால் துளை அடைத்துக்கொள்ளும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபெரிதான் முதலில் அடையாளம் கண்டார்.

"அட, நம்ம கசகசா!"

"எதுவும் சாப்பிடலன்னு சொன்னீங்க" என்றார் எடெல்கா.

"சாப்பிடலியே! ருசி பார்த்தேன். நேத்து சாயங்காலம் பூரணம் கிண்டினேன். இனிப்பு சரியா இருக்கான்னு பாக்க வேண்டாமா? ருசி பாக்கறது சாப்பிடறதா? நாப்பது வருஷமா ருசி பாக்குறேன், ஒரு நாளும் பசி அடங்கினதில்ல."

ஃபெரி பொய் சொல்லவில்லை. எந்த ரொட்டிக்கடைக்காரரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார். பூரணத்தில் விரலை விட்டு நாக்கில் வைப்பது தொழில், சாப்பாடு ஆகாது.

குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று மூன்றுக்கு மார்க் போட வேண்டும். எந்தப் பகுதியிலாவது இரண்டுக்குக் கீழே போனால் அன்றைய பரிசோதனை செல்லாது, மறுபடி வர வேண்டும்.

"ரெண்டு போடலாம்னு தோணுது" என்றார் மதேய். அவருக்கு ஃபெரியைப் பிடிக்கும். மறுபடி பட்டினி, மறுபடி பேதி மருந்து என்றால் இந்த மனிதர் திரும்பி வரமாட்டார் என்றும் தெரியும். "பாத்த வரைக்கும் ஒண்ணும் இல்ல."

"பாக்காத எடத்துல?"

"சிஸ்டர், இது உங்க புருஷன்."

"அதனாலதான் சொல்றேன், ஒண்ணு."

மதேய் ஒன்று என்று எழுதினார். ஃபெரி உடையை மாட்டிக்கொண்டு, தொப்பியைத் தலையில் அழுத்தி, வாசலில் நின்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இனிமே இந்தப் பக்கம் வந்தா என் பேர் ஃபெரி இல்ல. எழுதிக்கோங்க சிஸ்டர்."

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் ரொட்டி வெந்தது, பேச்சு வேகவில்லை. எடெல்கா மறு தேதியை எழுதி மாவுத் தொட்டியில் ஒட்டினார். ஃபெரி அதன் மேல் மாவைத் தட்டினார். எடெல்கா துடைத்தார். கெஞ்சினார், மிரட்டினார், மகளை விட்டு போனில் பேசவைத்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் மதிய உணவு நேரத்தில் அவர் யாஸ்னாவிடம் சொன்னார்: "ஊர்ல இருக்கற எல்லாரையும் இழுத்துட்டு வந்துட்டேன். வீட்ல இருக்கறவன வாசல்லயே விட்டுட்டேன். அன்னிக்கு நான் ரெண்டு போட்டிருந்தா நிம்மதியா தூங்குவேன் இல்ல?" "தூங்கமாட்டீங்க சிஸ்டர்" என்றாள் யாஸ்னா.

முதலில் சொன்ன தபால்காரம்மாள் ரோஸிகா அந்தக் கட்டிலில் படுத்துச் செய்முறை கேட்டது இந்த இரண்டு வாரத்துக்குள்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த கிபானிட்சா கதை ஃபெரிக்கு மட்டும் தெரியாது; அவர் கட்டிலில் இருந்த அன்று செய்முறை தொடங்கவே இல்லை. எண்டோஸ்கோப்பி அறையில் நடப்பதை ரொட்டிக்கடையில் பேசுவது மரியாதை இல்லை என்று எல்லோரும் விட்டுவைத்திருந்தார்கள். ரோஸிகாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவிட்டார்.

"ஏன் ஃபெரி, நீ பாலாடைக்கட்டிக்கு முன்னாடியா வால்நட்டு வைக்கிற?"

"யார் சொன்னா?"

"உன் வீட்டம்மாதான். ஆஸ்பத்திரில தெனமும் ஆறு நிமிஷம் உன் கிபானிட்சாவச் சொல்லித்தான டாக்டர மெதுவா நடத்துறாங்க. கசகசாவுக்கு ஒரு வார்த்தை கூட கெடையாது தெரியுமா. போட்டாச்சுன்னு தாண்டிடறாங்க."

ஃபெரி கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். மூன்று வருடமாக ஊர்க்காரர்கள் எல்லோர் காதிலும் தன் கிபானிட்சா தப்புத் தப்பாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதிலும் கசகசாவுக்கு ஒரு வார்த்தை இல்லை. மானம் போய்விட்டது. அன்று சாயங்காலமே அவர் இரண்டு வார மௌனத்தைக் கலைத்தார்.

"தேதி என்னிக்கு?"

"வியாழக்கெழமை" என்றார் எடெல்கா.

"வரேன். ஆனா நீ வாயத் தொறக்கக் கூடாது. நான்தான் சொல்லுவேன்."

அந்த முறை பூரணத்தின் பக்கமே அவர் போகவில்லை, கடைப் பெண்ணை ருசி பார்க்கச் சொல்லிவிட்டு மூன்று நாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை வந்தது. ஐந்து கேள்விக்கும் பதில் சொன்னார். குழாய் கடைக்கோடியைத் தொட்டது. சுவர் கழுவிவிட்டதுபோல் மினுங்கியது. "மூணு" என்றார் மதேய். "மூணு" என்றார் எடெல்கா. படம் எடுத்தாயிற்று.

ஃபெரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டர், மொதல்ல கசகசாவ வாங்கறதே ஒரு வேல. போன வருஷத்துக் கசகசான்னா கசக்கும். கையில எடுத்துத் தேச்சா எண்ணெய் ஒட்டணும். அத அன்னன்னிக்கே அரைக்கணும், முந்துன நாள் அரைச்சா காறிப்போகும். அரைச்சதும் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா. கையால பெசறணும், கரண்டி ஆகாது. டாக்டர், நகராதீங்க, கசகசா இன்னும் முடியல."

"நகரல" என்றார் மதேய். நகரவும் முடியவில்லை. நான்கு நிமிடமாகக் கசகசாவே ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் குடலின் வலப்பக்கத்தையே அவர் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த மடிப்பையே மூன்றாம் முறை நிமிர்த்தியபோது கை நின்றது.

மடிப்பின் பின்னால், சுவரின் நிறத்திலேயே, தட்டையாக ஒன்று. சின்னப் பட்டன் அளவு. அன்றைக்குக் கசகசா மொய்த்திருந்த அதே இடம்.

"என்ன டாக்டர், ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் ஃபெரி. "அடுத்தது பாலாடைக்கட்டி."

"பாலாடைக்கட்டி இருக்கட்டும் ஃபெரி. கசகசாவ இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா."

யாஸ்னா கம்பிக் கண்ணியை நீட்டினாள். மதேய் மொட்டைச் சுருக்கிட்டு முழுசாக எடுத்தார். எடெல்கா கட்டிலின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஃபெரியின் தோளைப் பிடித்திருந்தார். ஃபெரி இரண்டாம் முறையாகக் கசகசா அரைத்துக்கொண்டிருந்தார். குழாய் வெளியே வந்தபோது பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது. அந்த அறையில் அதுவரை அவ்வளவு நேரம் கிபானிட்சா செய்யப்பட்டதில்லை.

கழுவுமிடத்தில் மதேய் எடெல்காவின் பக்கத்தில் வந்து நின்றார். "ரெண்டு போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார்.

எடெல்கா குழாயைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்திருந்தார். "நான் கசகசாவ எப்பவும் ஒரே வார்த்தையில தாண்டிடறேன் டாக்டர். வலப்பக்கத்துல நீங்க இருக்கற நேரம் அது."

"அங்க நான் எப்பவுமே ரெண்டு தடவ பாப்பேன் சிஸ்டர்."

"தெரியும். இனிமே மூணு தடவ பாருங்க. நான் நெறய கசகசா போடறேன்."

பத்து நாள் கழித்து ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. மதேய் படித்துப் பார்த்துவிட்டு, தாளை மடிக்காமல் எடெல்காவின் கையிலேயே கொடுத்து, "நீங்களே போய்ச் சொல்லுங்க, கால் மணி நேரம் நான் சமாளிச்சுக்கறேன்" என்றார். எடெல்கா ரப்பர் செருப்போடு கடைத்தெருவில் நடந்தார். ஓடவில்லை, ஆனால் நடை என்றும் அதைச் சொல்ல முடியாது. ரொட்டிக்கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஃபெரி முழங்கை வரை மாவோடு நிமிர்ந்தார். அவர் முன்னால் கிண்ணம் நிறையக் கசகசாப் பூரணம்.

எடெல்கா கணவரைப் பின்கட்டுக்கு அழைத்துப்போகவில்லை. காதோரம் இருந்த பென்சிலை எடுத்தார்.

"பேர் சொல்லுங்க."

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஃபெரி சிரிக்கவில்லை. பள்ளிக்கூடப் பையன்போல நேராக நின்றுகொண்டார்.

"ஃபெரென்ட்ஸ் கெர்ச்மார்."

"பிறந்த தேதி?"

அதையும் சொன்னார், வருடத்தோடு. எடெல்கா தாளைப் படித்தார். புற்று இல்லை. ஆகிற வழியில் இருந்த மொட்டு. வேரோடு வந்துவிட்டது. மூன்று வருடம் கழித்து மறுபடி வர வேண்டும். கடைசி வரியைப் படிக்கும்போது எழுத்து கலங்கிவிட்டதால், பக்கத்தில் நின்ற ரோஸிகா எட்டிப் பார்த்து மீதியைப் படித்து முடித்தார். கடையில் யாரோ கை தட்டினார்கள். ஃபெரி மாவு மூட்டையின் மேல் தொப்பென்று உட்கார்ந்து, மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு வருஷமா?" என்றார். "அதுக்குள்ள வால்நட்டுக்கு என்னென்ன சொல்லணும்னு யோசிச்சு வைக்கிறேன்."

எடெல்கா தாளை மடித்துப் பையில் வைத்தார், பென்சிலைக் காதோரம் செருகினார். பிறகு மேசையருகே போய், சுண்டுவிரலைக் கசகசாக் கிண்ணத்தில் விட்டு எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் வைத்துக்கொண்டார்.